பெட்டிக்குள் இருந்த பெனிக்னா

மாலை நாலரை மணி. ஜூலை மாதம், அங்கே கடுங்குளிர். லாம்பா ஊரைத் தாண்டி மலைக்கு ஏறும் மண் சாலை… முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி கிடையாது. இரண்டு பக்கமும் மஞ்சள் புல். காற்று அடித்தால் அந்தப் புல்வெளி மொத்தமும் ஒரு பக்கமாகச் சாயும், ஏதோ ஒரு பெரிய மிருகம் தூக்கத்தில் புரள்வதுபோல. அந்தச் சாலையில் என் மச்சான் எலியோதோரோ தன் பழைய வண்டியைத் தனியாக ஓட்டிக்கொண்டு போனார்.

என் மனைவி செனோபியா இப்படித்தான் ஆரம்பிப்பாள். எலியோதோரோ அவளுடைய அண்ணன். அரேகிப்பா நகரத்தில் எங்கள் தெருவில் மின்சாரம் போகும் இரவுகளில் அக்கம்பக்கத்தார் எங்கள் வீட்டுக் கரியடுப்பைச் சுற்றி வந்து உட்காருவார்கள். யாராவது ஒருவர், "செனோபியா, அந்தப் பெட்டிக் கதையச் சொல்லேன்" என்பார். அவள் உடனே வாய் திறக்கமாட்டாள். போர்வையை முழங்காலுக்கு மேல் இழுத்து விட்டுக்கொள்வாள். எல்லாரும் நெருங்கி உட்காரும்வரை காத்திருப்பாள்.

அவள் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. போன வாரம் மின்சாரம் போனது. யாரும் வரவில்லை. அவள் சொன்னபடியே எழுதி வைக்கிறேன். அவள் நிறுத்திய இடங்களில் நானும் நிறுத்துகிறேன்.

எலியோதோரோவுக்குப் பழைய கேமராக்களுக்கு வயது சொல்வதுதான் தொழில். கையில் பிடிக்கும் கேமராக்கள் அல்ல. முக்காலியில் நிற்கும் மரப்பெட்டிகள்… மடிப்பு மடிப்பாக விரியும் தோல் துருத்தி வைத்தவை. தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டியவை. சேகரிப்பாளர்கள், அருங்காட்சியகக்காரர்கள், மடத்துச் சாமியார்கள் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள். எந்த நாட்டுப் பட்டறை, எந்த வருடத்துக்கும் எந்த வருடத்துக்கும் நடுவில் செய்தது என்று சொல்லிவிடுவார். ஆனால் வீட்டுக்காரர்கள் பேச ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார்.

"அவங்க சொல்றதக் கேக்கவே கூடாது மச்சான்," என்று என்னிடம் சொல்வார். "கேட்டா கண்ணு கெட்டுடும். பெட்டியக் கேக்கணும். பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது."

ஒரு பாதிரியார், தன் கோவில் கேமரா பழைய பிஷப்போடு கப்பலில் வந்தது என்று ஒரு மணி நேரம் சொன்னாராம். எலியோதோரோ லென்ஸைக் கழற்றி, அதில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "பிஷப் செத்து இருபது வருஷம் கழிச்சு வந்திருக்கு, ஃபாதர். ஆவியாத்தான் கொண்டுவந்திருக்கணும்," என்றாராம். எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

சரி… சாலைக்கு வருகிறேன்.

ஒரு வளைவில் ஒரு பெண் கையைக் காட்டினாள். ஐம்பது வயது இருக்கும். பின்னால் ஆட்டு மந்தை, ஒரு நாய். வண்டி நின்றதும் ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள்.

"பெட்டி பாக்க வர்ற ஆளு நீதானா தம்பி?"

"ஆமாக்கா."

"பெரிய ஆளுன்னு சொன்னாங்க. இவ்வளவு குள்ளமா இருக்கியே."

"வண்டிக்குள்ள உக்காந்தா எல்லாரும் குள்ளந்தான். ஏறுங்க. ஆடுங்க?"

"அதுங்களுக்கு வழி தெரியும். எங்க வீட்டுல வழி தெரியாதது என் புருஷன் ஒருத்தர்தான்."

அவள் பெயர் ஃபெலிசித்தாஸ். அவளுடைய கணவர் அப்போலினார்தான் ஆள் அனுப்பி எலியோதோரோவை வரச் சொன்னவர். வண்டி குலுங்கிக்கொண்டே போனது. பிறகு, சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஒண்ணு கேட்டுக்கறேன். அதுக்குள்ள ஒண்ணுமில்லன்னா மெதுவாச் சொல்லு. அந்த மனுஷன் பேச ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அதோட பேசிட்டிருக்காரு."

வீடு தகரக் கூரை போட்ட மண் வீடு. சுற்றிலும் வேறு வீடு இல்லை. வண்டிச் சத்தம் கேட்டு அப்போலினார் வாசலுக்கு வந்து கையை நீட்டினார். எலியோதோரோ நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நீட்டினார். இரண்டு கண்ணிலும் வெண்படலம்.

"மூணு டாக்டர் பாத்தாச்சு மாஸ்டர். அறுத்தாலும் பிரயோஜனமில்லையாம். ஆடு எது நாய் எதுன்னு தெரியல இப்பவே."

"அது என்னைக்குமே தெரியாது," என்றாள் ஃபெலிசித்தாஸ். "போன வருஷம் நாய்க்கு உப்பு வச்சாரு, நக்கட்டும்னு."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே எலியோதோரோவின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப் போனார். அந்த அறைக்குள் அவருக்குத் தடுமாற்றமே இல்லை.

மேசைமேல் கேமரா. அதன்மேல் ஒரு பெண்ணின் சால்வை போர்த்தியிருந்தது. முன்னால் ஒரு கோப்பை மூலிகைத் தேநீர், ஆவி இன்னும் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில், கல்லறைத் திருநாளுக்குச் சுடும் குழந்தை உருவ ரொட்டி ஒன்று, எட்டு மாதத்தில் கல்லாக இறுகிப்போய். சுவரோரம் பிரம்பு நாற்காலி ஒன்று. எலியோதோரோ பையை அதில் வைக்கப் போனார்.

"அதுல வேணாம் தம்பி," என்று வாசலிலிருந்து ஃபெலிசித்தாஸ் சொன்னாள். "அதுல யாரும் எதையும் வைக்கறதில்ல."

சூப் குடிக்கும்போது அப்போலினார் சொன்னார். எலியோதோரோவுக்குக் கையைக் காட்டி நிறுத்த மனம் வரவில்லை. கேட்டார். கேட்டார் என்றால்… காதில் விழுந்தது.

"எனக்கு ஒரு வயசு. ஊர் ஊராப் போய்ப் படம் எடுக்கற ஒருத்தர் இந்தப் பெட்டியக் கழுதை மேல போட்டுட்டு வந்தாரு. முத்தத்துல அந்த நாற்காலியப் போட்டு, எங்கம்மா என்ன மடியில வச்சுட்டு உக்காந்தாங்க. பெனிக்னான்னு பேரு. எடுத்தாச்சு. ராத்திரி கழுவித் தர்றேன்னாரு. சாயங்காலமே மலை அடிச்சிடுச்சு அவர… இந்த உயரம் ஒத்துக்கல, மூச்சு விட முடியல. விடியறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. வீட்டுக்குப் பின்னாலதான் பொதச்சிருக்கு. அடுத்த மாசமே காய்ச்சல்ல எங்கம்மாவும் போயிட்டாங்க."

"வேற படம்?"

"இதுக்கு முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல. நான் அழுதா எங்கப்பா தூக்கிட்டு வந்து பெட்டிக்கு முன்னால நிறுத்துவாரு. 'அம்மா உள்ள இருக்கா. தெறந்தா போயிடுவா. மெதுவாப் பேசு'ம்பாரு. பேசுவேன். அப்படியே பழகிப்போச்சு."

"இத்தன வருஷத்துல ஒரு ஸ்டுடியோவுக்கும் கொண்டு போகலியா?"

அப்போலினார் கரண்டியைக் கீழே வைத்தார். "கழுவி ஒண்ணும் வரலன்னா? கழுவாத வரைக்கும் இருக்காங்கல்ல. இப்ப கண்ணு போகுது. அதுக்குள்ள ஒரு தடவ பாத்துடணும் மாஸ்டர். மூஞ்சி மட்டும். அது போதும் எனக்கு."

செனோபியா இங்கே கொஞ்சம் நிறுத்துவாள். அவளுடைய அம்மாவும் அவள் சின்ன வயதில் போனவர்தான். ஆனால் அதை அவள் சொல்லமாட்டாள்.

மறுநாள் காலை எலியோதோரோ சால்வையை எடுத்து மடித்து வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். அப்போலினார் கட்டிலில் உட்கார்ந்து, முகத்தைச் சத்தம் வந்த பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

துருத்தியைத் தொடவே இல்லை. துருத்தி செருப்பு அடித்தோல் மாதிரி, தேய்ந்தால் மாற்றிவிடுவார்கள், அதைப் பார்த்து வயது சொல்கிறவன் ஏமாறுவான் என்பார் எப்போதும். மர மூலைகளைப் பார்த்தார். கையால் இழைத்த பொருத்து, பல்லுக்குள் பல். திருகாணிகளின் தலைக் கோடுகள் ஒன்றுக்கொன்று கோணல், அரத்தால் அறுத்தவை. லென்ஸின் தோளில் ஒரு வாய் வெட்டியிருந்தது. துளையிட்ட பித்தளைத் தகடுகளை அதில் செருகித்தான் அந்தக் காலத்தில் வெளிச்சத்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். பின்னால் வந்த லென்ஸ்களில் வளையத்தைத் திருகினால் போதும். முன்பலகையில் ஒரு தந்தத் தகடு, அதில் பாரிஸ் பட்டறை ஒன்றின் தெருப் பெயர். அந்தப் பட்டறை அந்தத் தெருவைக் காலி செய்த வருடம் அவருக்கு மனப்பாடம்.

கடைசியாகப் பின்பக்கம். கண்ணாடித் தட்டு உட்காரும் மரச்சட்டத்தின் அடிப்பகுதி முழுக்கக் கறுத்திருந்தது. வெள்ளிக் கரைசல் சொட்டிச் சொட்டி மரத்தில் ஊறிய கறுப்பு. முகர்ந்து பார்த்தார். அவருக்கு அது போதும்.

"அப்போலினார் ஐயா," என்றார் மெதுவாக. "இது ஆயிரத்து எண்ணூத்தி அறுபதுகள்ல செஞ்ச பெட்டி. ஈரத் தட்டுக் கேமரா. அந்தக் காலத்துல கண்ணாடியில மருந்த ஊத்தி, அது காயறதுக்குள்ள படத்த எடுத்து, காயறதுக்குள்ள கழுவிடணும். காஞ்சா ஒண்ணும் நிக்காது. இதுக்குள்ள ஒரு கண்ணாடி இருந்தாலும் அது வெறுங் கண்ணாடிதான்."

"நான் பொறந்தது தொள்ளாயிரத்து இருவத்தி மூணுல மாஸ்டர்."

"தெரியும். பெட்டி அதுக்கு ரொம்ப முந்தினது. உங்கப்பா… சின்னப் பிள்ளையச் சமாதானப்படுத்தறதுக்குச் சொல்லியிருக்கலாம்."



தட்டு வைக்கும் சட்டத்தின் உள்மூலைகளில் நான்கு ஆணிகள் இருந்தன. எலியோதோரோ அவற்றைப் பார்த்தார். புதுக் கம்பி ஆணிகள். ஒரு மெல்லிய தகரப் பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தன. யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தார். அவ்வளவுதான் நினைத்தார். பெட்டியின் வயதைச் சரியாகத்தான் சொன்னார், இன்றைக்கு யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். ஆனால் இந்த மலைநாட்டில் எந்தப் பெட்டியையும் யாரும் தூக்கி எறிந்ததில்லை. அறுபது வருடப் பழைய பெட்டிக்குள் ஒரு தகரப் பட்டையை அடித்து, கடையில் வாங்கிய உலர்ந்த தட்டை வைத்துக்கொண்டு ஒருவன் கழுதையோடு ஊர் ஊராகப் போயிருக்கலாம். உலர்ந்த தட்டில் விழுந்த உருவம் அழியாது. கழுவும்வரை காத்திருக்கும். வருடக்கணக்கில்.

அவர் சட்டத்தைக் கழற்றி ஜன்னலுக்கு எடுத்துப் போனார். வெறும் கண்ணாடி என்று காட்டிவிட்டால் அந்த மனிதருக்கும் ஒரு முடிவு தெரிந்துவிடும் என்று நினைத்தார். தட்டை வெளிச்சத்திலிருந்து மறைக்கும் சறுக்கு மூடியின் பிடியைப் பிடித்து மேல்நோக்கி இழுத்தார்.

மூடி சர்ரென்று வந்தது… மெழுகு தடவி வைத்ததுபோல.

வெறுங் கண்ணாடி இல்லை. அதாவது, அந்தப் பக்கம் தெரியவில்லை. பாலாடை நிறத்தில் மருந்து பூசிய தட்டு, அப்படியே புத்தம் புதிதாக. ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. அவருடைய கை ஒரு கணம் வேலை செய்யவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பாலாடை நிறம் விளிம்பிலிருந்து மெல்ல மெல்ல ஊதாவாகிக்கொண்டு வந்தது, குளிரில் உதடு நிறம் மாறுவதுபோல.

மூடியை உள்ளே தள்ளினார்; அது முழுக்க வெளியே வந்திருக்கவில்லை. மேலே மூன்று விரல் அகலம் மட்டும்தான் வெளிச்சம் படாமல் மிஞ்சியிருந்தது.

"என்ன மாஸ்டர்?" என்றார் அப்போலினார் கட்டிலிலிருந்து. "இருக்காங்களா?"

"இல்ல," என்றார் எலியோதோரோ. "காலி."

தகரக் கூரையில் எங்கோ ஒரு ஆணி தளர்ந்து டக், டக் என்றது.

"அப்போ அம்பது வருஷமா நான் யார்கிட்டப் பேசிட்டிருந்தேன்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். எலியோதோரோவால் அதைத் தாங்க முடியவில்லை. கட்டிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து சொல்லிவிட்டார்.

"இருந்தாங்க. உங்கப்பா சொன்னது நிஜம். நான்தான் வெளிச்சத்த விட்டுட்டேன்."

வாசலில் ஃபெலிசித்தாஸ் நின்றிருந்தாள். கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். "மெதுவாச் சொல்லுன்னுதானே கேட்டேன் உன்ன," என்றாள்.

அப்போலினார் கேட்டார். "முழுசாவா?"

"மேல மூணு விரல் மிச்சம்."

"மேலன்னா… மூஞ்சி அங்கதானே இருக்கும்?"

கேமராவுக்குள் எல்லாம் தலைகீழாகத்தான் விழும். முகம் தட்டின் கீழ்ப்பக்கம் இருக்கும். மூடியை மேலே இழுக்கும்போது வெளிச்சம் முதலில் தொடுவது முகத்தைத்தான். எலியோதோரோ இதையும் சொல்ல வேண்டியிருந்தது.

"மூஞ்சி இல்ல. கையும் இல்ல. மடியில இருந்த நீங்களும் இல்ல. இருந்தா… பாதம் இருக்கும். அதுவும் நிச்சயமில்ல."

"கழுவுங்க," என்றார் அப்போலினார்.

கழுவுவதற்கு இருட்டு வேண்டும். ராத்திரி வரை காத்திருந்தார்கள். சமையலறையின் இடுக்குகளில் ஆட்டுத்தோலை அடைத்தார்கள். அரிக்கேன் விளக்கைச் சிவப்புத் துணியால் சுற்றினார்கள். ஃபெலிசித்தாஸின் எனாமல் தட்டில், எலியோதோரோ எப்போதும் பையில் வைத்திருக்கும் மருந்து. அவள் கதவைச் சாத்தி அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றாள். அப்போலினார் எலியோதோரோவின் தோளை ஒட்டி நின்றார். அவர் மூச்சு விடுவது கேட்டது.

கண்ணாடித் தட்டை மருந்துக்குள் போட்டால் சும்மா விடக் கூடாது, ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எலியோதோரோ எனாமல் தட்டின் ஒரு விளிம்பை மெல்லத் தூக்கி, இறக்கி… தூக்கி, இறக்கி… மருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சளப், சளப் என்றது.

அப்போது உள்ளறையில் நாற்காலி கிரீச்சிட்டது.

எலி என்று நினைத்தார். தட்டைத் தூக்கினார். கிரீச். இறக்கினார். கிரீச். பிரம்பில் ஆள் கனம் ஏறி இறங்கும் சத்தம். அவர் கையை நிறுத்தினார். மருந்து அசைவது நின்றது. உள்ளறையில்… இன்னும் ஒரு தடவை. அப்புறம் அதுவும் நின்றது.

"நிறுத்தாதீங்க மாஸ்டர்," என்று அப்போலினார் காதருகே சொன்னார்.

ஆட்டினார். அதுவும் ஆடியது. ஒரு வாசனை வந்தது. மருந்து வாசனை அல்ல. சாண வரட்டிப் புகையும் அல்ல. மூன்று பிள்ளை பெற்ற ஃபெலிசித்தாஸ்தான் அது என்னவென்று பிறகு சொன்னாள். பால் கட்டிய மார்பின் வாசனை. ரவிக்கையில் கசிந்து, காய்ந்து, லேசாகப் புளித்த வாசனை.

கதவுக்கு அந்தப் பக்கம் வெறுங்காலோடு யாரோ நடந்து வந்தார்கள். மண் தரையில் உள்ளங்கால் ஒட்டி ஒட்டி எடுக்கும் சத்தம். கதவருகில் வந்து நின்றது. ஃபெலிசித்தாஸ் முதுகைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். பிரார்த்தனை என்று எலியோதோரோ நினைத்தார். அவள் சொன்னது, "இப்ப தெறக்க முடியாது அத்த. வெளிச்சம் பட்டுடும். கொஞ்சம் பொறுத்துக்கங்க," என்பது.

அப்புறம் ஒன்றுமில்லை.

கண்ணாடித் தட்டை, உருவத்தை நிலைநிறுத்தும் கரைசலில் அலசி முடித்து, விளக்கைப் பிரித்து, மூன்று பேரும் உள்ளறைக்குப் போனார்கள். யாரும் இல்லை. தேநீர்க் கோப்பைக்குள் பனிக்கட்டி. அந்த ஜூலை இரவில், அந்த உயரத்தில், வாசலில் இருந்த வாளித் தண்ணீரும் கட்டியாகியிருந்தது. ஃபெலிசித்தாஸ் குனிந்து நாற்காலியின் பிரம்பில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்தாள். எலியோதோரோவின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தாள்.

சூடாக இருந்தது.

விடிந்ததும் அதே அடைத்த சமையலறையில் பிரிண்ட் போட்டார். தட்டின் பெரும்பகுதி கரி. காகிதத்தில் அது வெறும் வெள்ளையாக விழுந்தது. ஓரத்தில் மட்டும் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு காட்சி. முற்றத்து மண். பிரம்பு நாற்காலியின் முன்கால்கள். கனத்த பாவாடையின் விளிம்பு. அதன் கீழே இரண்டு வெறும் பாதங்கள், அருகருகே, குதிகால் மண்ணில் பதிந்து அமைதியாக, விரல்கள் சேர்ந்தபடி. இடது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அப்போலினார் காகிதத்தை மூக்கில் ஒட்டும் அளவுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். ஜன்னலடியில் உட்கார்ந்து தன் இடது செருப்பைக் கழற்றினார். காலைத் தூக்கித் தொடைமேல் போட்டுக்கொண்டு, விரலால் தடவிப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். மறுபடியும் தடவினார்.

"என்னோடதுதான்," என்றார். "சுண்டுவிரல் இவங்க குடுத்தது."

ஃபெலிசித்தாஸ் வாளியை எடுத்துக்கொண்டு ஆடுகளிடம் போனாள்.

எலியோதோரோ அதன்பிறகு எந்த வீட்டிலும் யாரையும் கையைக் காட்டி நிறுத்தியதில்லை. எவ்வளவு நேரம் பேசினாலும் உட்கார்ந்து கேட்பார். பாதி வேலைகள் அதனாலேயே போயின.

அடுத்த வருடம் ஜூன் மாதம் சேதியோடு ஆள் வந்தார். அப்போலினார் இறந்துவிட்டார். செனோபியா அண்ணனைத் தனியாக அனுப்பப் பயந்து தானும் கிளம்பினாள். எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. ஆகவே இனி வருவதை அவள் தன் கண்ணால் பார்த்தாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. முப்பத்தோரு வருடம் அவளோடு வாழ்ந்தவன் சொல்கிறேன்.

சவப்பெட்டி உள்ளறையில் இருந்தது. அப்போலினாரின் மார்பின்மேல் அந்தப் பிரிண்ட். ஒரு வருடம் விரலால் தடவியதில் ஓரம் பஞ்சுபோல ஆகியிருந்தது. ஃபெலிசித்தாஸ் அண்ணனையும் தங்கையையும் அடுப்பருகே உட்காரவைத்தாள்.

"மார்ச்சோட கண்ணு முழுசாப் போச்சு தம்பி. போனப்புறம் ஒரு நாளும் மொகம் சுளிக்கல. ராத்திரி எழுந்து அந்த ரூமுக்குப் போவாரு. நாற்காலி ஆடும். இந்த வீட்டுல யாரும் உக்காராத நாற்காலி… ஆடும். நான் போய்ப் பாக்கல."

"ஏங்க்கா பாக்கல?" என்று செனோபியா கேட்டாள்.

"அம்மாவும் பிள்ளையும் இருக்கற எடத்துல எனக்கென்னம்மா வேல."

கடைசி நாள் காலையில் அவர் அந்த நாற்காலியில்தான் இருந்தாராம். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து. சாய்ந்த பக்கம் சுவரும் இல்லை, தலையணையும் இல்லை.

பிரிண்ட் அவரோடு மண்ணுக்குப் போகட்டும், தனக்கு இன்னொன்று வேண்டும் என்றாள் ஃபெலிசித்தாஸ். கண்ணாடித் தட்டை அவள் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். அதே சமையலறை. அதே ஆட்டுத்தோல். அதே சிவப்புத் துணி. எலியோதோரோ கண்ணாடியைக் காகிதத்தின்மேல் அழுத்தி, விளக்கைக் காட்டி எடுத்து, காகிதத்தை எனாமல் தட்டில் போட்டார். "நீ ஆட்டு," என்று தங்கையிடம் கொடுத்தார்.

செனோபியா ஆட்டினாள். உள்ளறையில் சவப்பெட்டியைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். அவளுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

காகிதத்தில் உருவம் மெல்ல எழுந்து வந்தது. முற்றத்து மண். நாற்காலிக் கால்கள். பாவாடை விளிம்பு. பாதங்கள்.

கழுவி முடித்த கண்ணாடி மாறாது. அதில் இருப்பதுதான் இருக்கும், நூறு பிரிண்ட் போட்டாலும் ஒரே பிரிண்ட்தான். அதை எலியோதோரோ இரண்டு தடவை சொன்னார், யாரிடம் என்று தெரியவில்லை. ஈரக் காகிதத்தைக் கையில் ஏந்திக்கொண்டு உள்ளறைக்குப் போய், சவப்பெட்டிக்குள் இருந்த பழைய பிரிண்டின் பக்கத்தில் பிடித்தார்கள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

செனோபியா இங்கே கரியைக் கிளறுவாள்.

பழையதில் குதிகால்கள் மண்ணில் பதிந்திருந்தன. புதியதில் எழும்பியிருந்தன. மடியில் இருப்பதை உறங்கவைக்க நாம் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவோமே, அப்படி, தூக்கிய நிலையில். விரல்கள் விரிந்து, மூட்டுவரை மண்ணுக்குள் அழுந்தியிருந்தன. ஒரு வயதுப் பிள்ளையின் கனத்துக்கு விரல்கள் அவ்வளவு அழுந்தாது.